சென்னையில் எல்லாரும் வரிசை கட்டும் அந்த வியட்நாம் உணவகம்: போனவர்கள் எழுதுங்கள்

பசித்தவன்
பெயர் வேண்டாம். ரீல்ஸ் பார்ப்பவர்களுக்கு எந்த இடம் என்று தெரியும். மூங்கில் விளக்கு, சுவரெல்லாம் கூம்புத் தொப்பி, அதேதான். ஃபோ என்ற நூடுல்ஸ் சூப் சொன்னோம். கிண்ணத்தில் நூடுல்ஸ், மேலே மெல்லிசாகச் சீவிய பச்சை மாட்டிறைச்சி. சூப் தனியாகக் கண்ணாடிக் கூஜாவில் வந்தது. பரிமாறும் தம்பி உடனே ஊற்றவில்லை. "வீடியோ எடுக்கலையா சார்?" என்று கூஜாவைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். மனைவி போனைத் தேடி, வெளிச்சம் பார்த்து, சரி என்று தலையாட்டுவதற்குள் ஆவி பறப்பது நின்றுவிட்டது. ஊற்றினார். கறி நிறம் மாறாமல் அப்படியே கிடந்தது. கொதிக்கும் சூப் பட்டு கிண்ணத்திலேயே வேக வேண்டும், அதுதானே அந்தச் சாப்பாட்டின் கணக்கு? கேட்டேன். "வியட்நாம்ல இப்படித்தான் சார்" என்றார். வீடியோ மட்டும் பிரமாதமாக வந்திருக்கிறது.

தயிர்சாதம்
சைவத்துக்குத் தனிப் பக்கம் போட்டிருக்கிறார்களே என்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அரிசித்தாள் சுருள் வந்தது. உள்ளே வெள்ளரி, கேரட், டோஃபு, புதினா, பார்க்கவே அழகு. தொட்டுக்கொள்ளும் கிண்ணத்தை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் அம்மா முகம் போன போக்கு! "இதில் மீன் இருக்கா?" என்று கேட்டேன். "மீன் இல்ல மேடம், மீன் சாஸ் மட்டும்தான்" என்றார், சிரிக்காமல். அம்மா அன்றைக்கு ஐஸ் காபி குடித்துவிட்டு எழுந்தார். வியட்நாமிலேயே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிச் சைவம் சாப்பிடுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்காக சோயாவில் செய்த சாஸும் இருக்கிறது. அதை ஒரு பாட்டில் வாங்கி வைக்க என்ன கேடு?

சைகோன் ரிட்டர்ன்
பசித்தவன், ஆறின சூப் தப்புதான். ஆனால் கறி கொஞ்சம் சிவப்பாக இருந்தால் அங்கே யாரும் பஞ்சாயத்து வைக்க மாட்டார்கள். பிடிக்காதவர்கள் முன்பே வெந்த கறி போட்ட ஃபோ கேட்டு வாங்கலாம். வேலை நிமித்தம் அங்கே இருந்தவன் என்பதால் சொல்கிறேன்.

நானும் போனேன். சூப் இனித்தது, பட்டை மட்டும் தூக்கலாக இருந்தது. அன்னாசிப்பூ, சுட்ட இஞ்சி, சுட்ட வெங்காயம் எதுவும் தெரியவில்லை. எலும்பைப் பல மணி நேரம் சிறு தீயில் விட்டால்தான் அந்தச் சாறு இறங்கும்.

அப்புறம் ஒன்று. கிண்ணம் வந்ததும் எலுமிச்சையைப் பிழிந்து, ஹாய்சின் என்ற இனிப்பு சோயா சாஸ், மிளகாய் சாஸ் எல்லாவற்றையும் கொட்டிக் கலக்குகிறீர்கள், எல்லா வீடியோவிலும் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். முதலில் சூப்பை மட்டும் ஒரு கரண்டி குடித்துப் பாருங்கள். வடக்கே ஹனோய் பாணி என்றால் வெங்காயத்தாள், கொஞ்சம் மிளகாய், பூண்டு ஊறிய வினிகர், போதும். இலைதழைத் தட்டு, முளைகட்டிய பயறு இதெல்லாம் தெற்கே சைகோன் பாணி. சாஸைத் தனியாக ஒரு குட்டித் தட்டில் ஊற்றிக் கறியை அதில் தொட்டுச் சாப்பிட வேண்டும். நூடுல்ஸை ஆறவிட்டுப் பேசிக்கொண்டிருக்கக் கூடாது, ஊறிப்போகும்.

தயிர்சாதம்
சார், உங்கள் அனுபவம் நாலு வரி, பாடம் அதைவிட நீளம்.

புதுவைப் பேத்தி
எங்கள் பாட்டி பிறந்தது சைகோனில். கொள்ளுத்தாத்தா பிரெஞ்சு அரசாங்க உத்தியோகத்துக்குப் போனவர், 1954-க்கு அப்புறம் குடும்பம் புதுச்சேரிக்குத் திரும்பியது. எங்கள் வீட்டில் நெம், அதாவது அரிசித்தாளில் சுருட்டிப் பொரிக்கும் சுருள், பொரிக்காத விசேஷம் கிடையாது. பாட்டியை இந்த உணவகத்துக்குக் கூட்டிப்போனதுதான் விஷயம். பரிமாற வந்த பையன் முகத்தைப் பார்த்ததும் பாட்டிக்கு ஒரே சந்தோஷம், கடகடவென்று வியட்நாம் பாஷையில் ஏதோ கேட்டார். பையன் திகைத்துப்போய், "பாட்டி, நான் மிசோரம். தமிழ்லயே கேளுங்க" என்றான். பாட்டி கொஞ்சமும் அசரவில்லை. "சரிப்பா, இந்த நெம்மைச் சுத்திச் சாப்பிட லெட்யூஸ் இலையும் புதினாவும் எங்கே? மயோனைஸ் வச்சிருக்கியே!" பையன் ஓடிப்போய்க் கொண்டுவந்தான். பில்லில் 'எக்ஸ்ட்ரா இலை' என்று 90 ரூபாய்.

கணக்குப்பிள்ளை
அந்த பில்லில் சர்வீஸ் சார்ஜும் இருந்திருக்குமே? எனக்கு 10 சதவீதம் போட்டிருந்தார்கள். முட்டி மடங்காத என்னைக் குட்டை ஸ்டூலில் உட்கார வைத்ததற்கான கூலி போலிருக்கிறது. எல்லாரும் தெரிந்துகொள்ளுங்கள்: ஜிஎஸ்டி கட்டித்தான் ஆக வேண்டும், சர்வீஸ் சார்ஜ் அப்படி அல்ல. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே, பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று வழிகாட்டுதல் கொடுத்தது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. மேனேஜரைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் 1915-க்குப் போன் போடுங்கள். பில்லைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது முக்கியம். டிப்ஸ் கொடுக்க மனமிருந்தால் பையன் கையிலேயே கொடுங்கள்.

சைகோன் ரிட்டர்ன்
குட்டை ஸ்டூலைக் குறை சொல்லாதீர்கள். ஹனோய் நடைபாதைக் கடையில் அதில்தான் உட்கார வேண்டும்.

கணக்குப்பிள்ளை
நடைபாதையில் நடைபாதை விலை சார்.

பசித்தவன்
புதுவைப் பேத்தி, இவர்கள் சண்டை போடட்டும். பாட்டி வீட்டு நெம்முக்குள் என்ன வைப்பார், அதை எழுதுங்கள்.