லீவு போடாத மனிதர்

ஓய்வுபெற்ற வங்கி ஆய்வு அதிகாரி, மதுரை

நிறுவனத்துக்கு ஆபத்து என்றதும் வாசலில் காவலாளியை நிறுத்துவது, கேமரா மாட்டுவது பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். என் பணிக்காலத்தில் பார்த்த பெரிய இழப்புகளில் ஒன்றுகூட வாசல் வழியாக வரவில்லை. பல வருடம் நம்பப்பட்ட, எல்லோருக்கும் வேண்டப்பட்ட, லீவே போடாத ஒருவர் கையால்தான் நடந்தன. அப்படி ஒருவரை நீங்களும் பார்த்திருந்தால் எழுதுங்கள். நிறுவனப் பெயர் வேண்டாம். முதலில் என் பங்கு.

தென் மாவட்டத்துச் சிறு ஊர்க் கிளை. நகைக்கடன்தான் அங்கே பாதி வியாபாரம். மேலாளர்கள் வருவார்கள், போவார்கள். நகை மதிப்பீட்டாளர் மட்டும் அசையமாட்டார். அவர் ஒருநாள் காய்ச்சலில் படுத்ததாகக்கூடக் கிளையில் யாருக்கும் நினைவில்லை.

ஆய்வின்போது பெட்டகத்திலிருந்து சில நகைப் பைகளை எடுத்து எடை போடுவோம். எடை பிசகவில்லை; முத்திரைகளும் சரி. எனக்கு உறுத்தியது கணக்கேடுதான். வெவ்வேறு ஆட்களின் பெயரில் ஒரே மாதிரி முறுக்குச் சங்கிலி, ஏறக்குறைய ஒரே எடை. வட்டி கட்டிய தேதியும் ஒன்றே. இரண்டு வீட்டுச் சங்கிலி ஒன்றுபோல இருக்கலாம். இரண்டு வீட்டுப் பணமுடை ஒரே தேதியில் தீருமா?

வெளியூர் மதிப்பீட்டாளர் ஒருவரை அழைத்து வந்தோம். உரைகல்லில் உரைத்தார், மஞ்சள் கோடு விழுந்தது. அமிலம் விட்டார், கோடு அழியவில்லை. மேலாளர் முகத்தில் உயிர் வந்தது. வந்தவர் ஒன்றும் பேசாமல், கொக்கிக்குப் பக்கத்தில் அரத்தால் ஆழமாக அராவி, அந்த இடத்தில் ஒரு சொட்டு விட்டார். பச்சையாகப் பொங்கியது. உள்ளே செம்பு, மேலே கனமான தங்கப் பூச்சு. சாதாரண உரைப்புக்கு அது பிடிபடாது, அதற்கென்றே செய்த சரக்கு.

இதில் என்னை அதிகம் உறுத்தியது வேறு. கிளை ஊழியர்களுக்குக் கட்டாய விடுப்பு உண்டு; அந்த நாட்களில் வேறொருவர் அவர் வேலையைப் பார்ப்பார், மறைத்தது இருந்தால் தெரிந்துவிடும். மதிப்பீட்டாளரோ ஊழியரே அல்ல. கடனுக்கு இத்தனை என்று கமிஷன் வாங்குபவர். அதனால் அந்த விதி அவரைத் தொடவே இல்லை. ஓட்டைக்கு நேராக நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தது வங்கிதான்.

பின்னலாடை நிறுவனக் கணக்காளர், திருப்பூர்

ஐயா சொன்னது போல ஒருவர் எங்களிடமும் இருந்தார். இங்கே வாரக் கூலி; சனிக்கிழமை மாலை கவரில் வரும். கணக்கு ஷிப்டுக்கு. காலையிலிருந்து எட்டு மணி நேரம் ஒன்று, இரவு எட்டரை வரை நின்றால் ஒன்றரை. ஷிப்ட் ஏடு எழுதுபவர், கவர் போடுபவர், கையில் கொடுப்பவர் மூவரும் ஒருவரே. முதலாளிக்கே அவர் ‘அண்ணன்’. பொங்கலுக்குக்கூட ஊருக்குப் போகமாட்டார்.

அவருக்கு டெங்கு வந்தது. கூலி நிற்கக் கூடாதே என்று அவருடைய ஏட்டை வைத்து என்னையும் இன்னொரு பெண்ணையும் கவர் போடச் சொன்னார்கள். கொடுத்து முடித்தோம். ஆட்கள் பஸ் ஏறிப் போய்விட்டார்கள். மேசையில் கவர்கள் மிஞ்சிக் கிடந்தன. கூட்டலில்தான் ஏதோ தப்பு என்று நினைத்து மறுபடி எண்ணினோம். கூட்டல் சரியாகவே இருந்தது. பெயர்களைச் செக்கிங்கில் கேட்டேன், பேக்கிங்கில் கேட்டேன். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து இருக்கும் அக்கா ஒருவர் கவரை வாங்கிப் பார்த்துவிட்டு, “இப்படி ஒரு ஆள் இங்கே வேலை பார்த்ததே இல்லை கண்ணு” என்றார்.

முதலாளி போலீசுக்குப் போகவில்லை. பி.எஃப். பிடிக்காமல் வைத்திருக்கும் ஆட்களின் கணக்கும் அந்த அண்ணனுக்கு அத்துப்படி. அவர் வாயைத் திறந்தால் இரண்டும் சேர்ந்து வெளியே வரும். கணக்கை முடித்துக் கமுக்கமாக அனுப்பிவிட்டார்கள். இப்போது கூலி வங்கிக் கணக்குக்குப் போகிறது. ஆனால் புது ஆளின் பெயரைக் கணினியில் ஏற்றுபவரும், பணத்தை அனுப்புபவரும் இன்றும் ஒரே தம்பிதான். சொல்லிப் பார்த்தேன். “அவன் நல்ல பையன்” என்றார் முதலாளி.

வங்கி ஊழியர், தொழிற்சங்கப் பொறுப்பாளர், திருச்சி

எல்லாம் சரி. ஆனால் லீவு போடாதவரெல்லாம் சந்தேகத்துக்குரியவர் என்று ஆகிவிடக் கூடாது. மூன்று பேர் வேலையை ஒருவர் பார்க்கும் கிளைகளில் லீவு கேட்டால் மாற்று ஆள் இல்லை என்பார்கள். சேர்ந்த விடுப்பை ஓய்வின்போது பணமாக்கினால் மகள் கல்யாணத்துக்கு ஆகும் என்று நினைக்கும் அப்பாவிகளும் உண்டு.

பென்ஷன் போடும் முதல் வாரத்தில் ஒரு கிளைக்கு வந்து பாருங்கள். பெரியவர்கள் படிக்கட்டு வரை நிற்பார்கள். ஒருவர் பதிய வேண்டும், இன்னொருவர் சரிபார்த்து அனுமதிக்க வேண்டும் என்பது விதி. அனுமதிக்க வேண்டிய அதிகாரி மேலிடத்துக் கூட்டத்தில் இருப்பார். பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். கூட்டத்தைச் சமாளித்ததற்காக அன்று பாராட்டு. பிற்பாடு ஏதாவது குறைந்தால், குற்றச்சாட்டுக் குறிப்பாணை கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தவருக்கு. ஆளைக் குறைத்தவருக்கு எந்தக் குறிப்பாணையும் போய் நான் பார்த்ததில்லை.

நூற்பாலைக் கணினிப் பிரிவு, கோவை

எங்களிடம் நடந்தது சிறியது. சம்பளத் தகராறில் விலகியவரின் லாகினை யாரும் முடக்கவில்லை. வெளியிலிருந்து உள்ளே வந்து சரக்கு இருப்புக் கோப்புகளை அழித்துவிட்டார். பேக்கப் இருந்ததால் பிழைத்தோம். இப்போது கணினிப் பிரிவின் கையெழுத்து இல்லாமல் யாருக்கும் கடைசிச் சம்பளம் கிடையாது.

ஓய்வுபெற்ற வங்கி ஆய்வு அதிகாரி, மதுரை

தோழர் சொன்னதை மறுக்கவில்லை. கட்டாய விடுப்பு என்பது தண்டனை அல்ல. நேர்மையானவருக்கு அதுதான் சாட்சி. ரிசர்வ் வங்கி 2021 ஜூலையில் இதை இன்னும் இறுக்கியது. முக்கியப் பொறுப்பில் இருப்பவரை ஆண்டுக்கு ஒருமுறை, தொடர்ச்சியாகக் குறைந்தது 10 வேலை நாட்கள், முன்னறிவிப்பே இல்லாமல் அனுப்ப வேண்டும். சொல்லி அனுப்பினால் மேசையைத் துடைத்துவிட்டுப் போவார்; சொல்லாமல் அனுப்பினால்தான் கவர் மிஞ்சும்.

பிரிட்டனின் பேரிங்ஸ் வங்கி 1762இல் தொடங்கியது. அதன் சிங்கப்பூர் அலுவலகத்தில் நிக் லீசன் ஒருவரே பங்குச் சந்தை வியாபாரமும் செய்தார், அந்த வியாபாரத்தின் கணக்கைச் சரிபார்த்து முடிப்பதையும் கவனித்தார். இரண்டும் ஒரே கையில் இருக்கக் கூடாது என்று 1994இலேயே உள் தணிக்கை எழுதியது. ஆள் மாறவில்லை. 1995 பிப்ரவரியில் 82.7 கோடி பவுண்டு இழப்போடு வங்கி கவிழ்ந்தது. ஒரு பவுண்டுக்குக் கைமாறியது.

நம் ஊரிலும் பார்த்தோம். 2018இல் பஞ்சாப் நேஷனல் வங்கியின் மும்பைக் கிளை விவகாரம். பல ஆண்டு அதே கிளையில் இருந்த அதிகாரி ஓய்வு பெற்றபின், நீரவ் மோதியின் வைர நிறுவனத்தார் வெளிநாட்டுக் கடனுக்கு வங்கியின் உத்தரவாதக் கடிதம் கேட்டு வந்தார்கள். புதிதாக வந்த அதிகாரிகள் முழு ஈட்டுத் தொகை கேட்டார்கள். இதற்குமுன் அது இல்லாமலேதான் வாங்கினோம் என்று நிறுவனத்தார் சொன்னபோதுதான் விஷயம் அவிழ்ந்தது. நாற்காலியில் ஆள் மாறினார், அவ்வளவுதான்.

பொதுத்துறை நிறுவன ஊழியர், சென்னை

கண்ணெதிரே நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். யாரிடம் சொல்வது? மேலதிகாரியும் அவருக்கு வேண்டியவர் என்றால்? மொட்டைக் கடுதாசி போட்டால் பயன் உண்டா?

ஓய்வுபெற்ற வங்கி ஆய்வு அதிகாரி, மதுரை

மொட்டைக் கடுதாசியின் மீது நடவடிக்கை இல்லை என்பதே மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்தின் நிலை. பெயரோடு எழுதப் பயப்படுவதற்கும் காரணம் உண்டு. நெடுஞ்சாலைப் பொறியாளர் சத்யேந்திர துபே, சாலைப் பணியில் நடந்த முறைகேடுகள் பற்றி, தன் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டுதான் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். கடிதம் பெயரோடு மேசை மேசையாகச் சுற்றியது. 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக் கொலை என்றே நீதிமன்றம் பிற்பாடு தீர்ப்பளித்தது. ஆனால் அன்றைய கொந்தளிப்பில்தான் 2004 ஏப்ரலில் தகவல் தருவோரைக் காக்கும் அரசுத் தீர்மானம் பிறந்தது.

அதன்படி ஆணையத்துக்கு நீங்கள் எழுதலாம். உறையை நன்றாக ஒட்டி, மேலே ‘பி.ஐ.டி.பி.ஐ.’ (PIDPI, அந்தத் தீர்மானத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம்) என்று ஆங்கில எழுத்துகளில் தெளிவாக எழுதுங்கள். உறைமேல் உங்கள் பெயரோ முகவரியோ கூடாது; உள்ளே கடிதத்தில் இரண்டும் இருந்தே ஆக வேண்டும். எழுதியது நீங்கள்தானா என்று உறுதிப்படுத்தக் கேட்பார்கள், பதில் போடுங்கள். மத்திய அரசு அலுவலகம், மத்தியப் பொதுத்துறை நிறுவனம், பொதுத்துறை வங்கி ஆகியவற்றுக்கு இது பொருந்தும். திருப்பூர் அம்மாவின் முதலாளிக்குப் பொருந்தாது.