விண்டோஸ் 10 முடிஞ்சாச்சு, அப்பாவோட லேப்டாப்புக்கு என்ன போடலாம்?

கானாடுகாத்தான்:
ஏழாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி மாத்தியாச்சு. மெஷின் நல்லாவே ஓடுது. ஆனா 2025 அக்டோபர் 14 அன்னிக்கே விண்டோஸ் 10க்கு ஆதரவை நிறுத்திட்டாங்க. 11 போடலாம்னா இன்டெல்ல எட்டாம் தலைமுறையாவது வேணுமாம். அப்பா பண்றது யூட்யூப், மெயில், பேங்க். முகூர்த்த மாசம் வந்தா கல்யாணப் பத்திரிகை அடிச்சுக் குடுப்பார், பேஜ்மேக்கர்ங்கற பக்க வடிவமைப்பு மென்பொருளும் பாமினிங்கற தமிழ் எழுத்துருவும்தான். வீட்ல இதெல்லாம் தெரிஞ்ச ஒரே ஆள் நான், நான் இருக்கிறதோ கோயம்புத்தூர். விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாத்திரலாமா?

முனையமுனி:
மின்ட் 22, சினமன் பதிப்பு, லினக்ஸ்ல ஒரு வகை. யோசிக்கவே வேண்டாம் தம்பி. உபுண்டுங்கற இன்னொரு லினக்ஸோட 24.04 பதிப்பு மேல கட்டினது, 2029 ஏப்ரல் வரைக்கும் அப்டேட் வரும். மெனு, டாஸ்க்பார் எல்லாம் அப்பாவுக்குப் பழகின இடத்திலேயே இருக்கும். அப்டேட்ல ஏதாவது சொதப்பினா டைம்ஷிஃப்ட்ங்கற மீட்புக் கருவி வச்சு முந்தின நிலைக்குக் கொண்டு வந்துரலாம். தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ்ங்கற தட்டச்சுக் கருவில எம்17என் விசைப்பலகைத் தொகுப்பைப் போட்டா தமிழ்99, டைப்ரைட்டர், ஒலிபெயர்ப்பு எல்லாம் வந்துரும்.

அச்சுக்கோப்பவள்:
முனி அண்ணே, பேஜ்மேக்கர்னு எழுதியிருக்காரே, அந்த வரியைப் படிச்சீங்களா? அது 2001ல வந்த 7.0வோட நின்னுபோன மென்பொருள். லினக்ஸுக்கு வந்ததே கிடையாது. சின்ன ஊர் அச்சகம் பாதி இன்னும் அதுலதான் ஓடுது. அவர் அப்பா பழைய பத்திரிகையைத் திறந்து பேரு, தேதி, மண்டபம் மட்டும் மாத்தி பிரஸ்ஸுக்கு அனுப்புறவரா இருப்பார். அந்தக் கோப்பு திறக்கலைன்னா உங்க டைம்ஷிஃப்ட் வந்து கல்யாணத்தைத் தள்ளி வைக்குமா?

முனையமுனி:
திறக்கும். லிப்ரே ஆபிஸ்ங்கற இலவச ஆபிஸ் மென்பொருளோட 4.4 பதிப்புலேர்ந்தே அதுல இருக்கிற டிரா செயலி பேஜ்மேக்கர் கோப்பை இறக்குமதி பண்ணும். பாமினிக்குத் தனி மென்பொருளே வேண்டாம். ஆங்கில எழுத்து இருக்கிற இடத்துல தமிழ் வடிவத்தை உட்கார வச்ச எழுத்துரு அது. எழுத்துருவோட டிடிஎஃப் கோப்பை நகலெடுத்துப் போட்டா லினக்ஸ்லயும் அப்படியே அடிக்கலாம்.

அச்சுக்கோப்பவள்:
பாமினி விஷயம் சரி, ஒத்துக்கறேன். இறக்குமதியை ஒத்துக்க மாட்டேன். திறக்கிறது வேற, வரி உடையாம, பார்டர் நகராம திறக்கிறது வேற. திருத்தின பிறகு திரும்ப பேஜ்மேக்கர் கோப்பா சேமிக்கவும் முடியாது. பிரஸ்காரர் கேக்கிறது அந்தக் கோப்பைத்தான்.

முனையமுனி:
பிரஸ்ஸுக்கு பிடிஎஃப் குடுங்களேன். எந்தக் காலத்துல இருக்கோம்?

அச்சுக்கோப்பவள்:
அதைப் பிரஸ்காரர்கிட்ட சொல்லிப் பாருங்க அண்ணே. நான் சொல்லிப் பார்த்துட்டேன்.

சும்மாவந்தவன்:
பழைய கணினிக்கு கூகுள் குடுக்கிற இயங்குதளம் இருக்கே, குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸ், அதைப் போட்டு விட்ருங்க. வைரஸ் பயம் இல்ல, தானே அப்டேட் ஆகிக்கும்.

எட்டயபுரத்தான்:
யூட்யூபுக்கும் மெயிலுக்கும் மட்டும்னா அருமையான யோசனை. ஆனா ஃப்ளெக்ஸ்ல பிளே ஸ்டோர் கிடையாது, ஆண்ட்ராய்டு செயலி ஓடாது. குரோம் ஓஎஸ்ஸோடவே வர்ற குரோம்புக் லேப்டாப்புக்கும் அதுக்கும் உள்ள பெரிய வித்தியாசமே அதுதான். பத்திரிகை வேலைக்கு ஆகவே ஆகாது.

கேட்டவருக்கு ஒண்ணு சொல்றேன். 11 போட முடியாததுக்குக் காரணம் டிபிஎம்ங்கற பாதுகாப்பு வசதியா இருக்காது, ஏழாம் தலைமுறை மெஷின்ல பெரும்பாலும் 11 கேக்கிற 2.0 பதிப்பே இருக்கும். மைக்ரோசாஃப்ட்டோட சிபியு பட்டியல்ல பேர் இல்லைங்கறதுதான் தடை. ரூஃபஸ்ங்கற கருவில பென்டிரைவ் தயார் பண்ணும்போது அந்தச் சோதனையை எடுத்துவிடலாம். பேஜ்மேக்கரும் இருக்கும், அப்பாவும் எதையும் புதுசா படிக்க வேண்டாம்.

முனையமுனி:
அப்படிப் போட்ட மெஷினுக்கு அப்டேட் கிடைக்கும்னு உறுதி இல்லைன்னு மைக்ரோசாஃப்ட்டே எழுதி வச்சிருக்கு. வருஷா வருஷம் வர்ற பெரிய பதிப்பு பெரும்பாலும் தானா வராது, திரும்ப பென்டிரைவைத் தூக்கிட்டு உட்காரணும். பையன் கோயம்புத்தூர்ல இருக்கான்னு மறந்துட்டீங்களா?

எட்டயபுரத்தான்:
லினக்ஸ்ல வைஃபை போனா மட்டும் பையன் எங்க இருப்பான்? அதே கோயம்புத்தூர்லதானே? விண்டோஸ்ல பிரச்சினைன்னா தெருமுனை சர்வீஸ் கடைக்காரர் முந்நூறு ஐந்நூறு வாங்கிட்டு சரி பண்ணிருவார். மின்ட் லேப்டாப்பை அவர்கிட்ட குடுத்தா ஃபார்மேட் அடிச்சு, கிராக் விண்டோஸ் போட்டுத் தருவார். நம்ம அரசு இலவச லேப்டாப்ல விண்டோஸோட பாஸ்ங்கற இந்திய லினக்ஸும் சேர்த்துத்தானே குடுத்தாங்க? அந்தப் பக்கம் பூட் பண்ணின மாணவர் ஒருத்தரையாவது பார்த்திருக்கீங்களா? ஜெர்மனியில மியூனிக் நகராட்சி 2013க்குள்ள ஏறத்தாழ 15,000 கணினியை லினக்ஸுக்கு மாத்துச்சு. 2017ல திரும்ப விண்டோஸுக்கே போக முடிவெடுத்தாங்க.

முனையமுனி:
மியூனிக்கைச் சொல்ற எல்லாரும் அங்கேயே நிறுத்திருவீங்க. அதே ஜெர்மனியில ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் இப்ப ஆபிஸ் மென்பொருள்லேர்ந்து ஆரம்பிச்சு லினக்ஸ் பக்கம் வந்துட்டிருக்கு. அவ்வளவு தூரம் எதுக்கு, பக்கத்துல கேரளாவைப் பாருங்க. அரசுப் பள்ளியில பிள்ளைங்க லினக்ஸ்லதான் படிக்கிறாங்க. அங்க ஆசிரியருக்குப் பயிற்சி, பாடப்புத்தகம், பரீட்சை எல்லாமே அதை வச்சு நடக்குது. இங்க சிடி மாதிரி கூடவே குடுத்துட்டு விட்டுட்டாங்க.

ஆர்ச்சர்:
ஆர்ச் லினக்ஸ் போடுங்க. எல்லாத்தையும் நீங்களே அமைச்சுக்கலாம்.

சும்மாவந்தவன்:
அப்பாவுக்குய்யா கேக்கிறார்!

அச்சுக்கோப்பவள்:
இன்னொண்ணு யாருமே கேக்கல. பிரிண்டர் என்ன மாடல்? நம்ம ஊர்ல அதிகம் விக்கிற சில சின்ன லேசர் பிரிண்டருக்குப் பொதுவான அச்சு மொழி புரியாது, கம்பெனி குடுத்த விண்டோஸ் டிரைவர் வேணும். எங்க கடையில அப்படி ஒண்ணு இருக்கு, லினக்ஸ்ல ஒரு காகிதம் துப்ப வைக்கிறதுக்குள்ள உயிர் போச்சு. பிசிஎல், போஸ்ட்ஸ்கிரிப்ட் மாதிரி பொது அச்சு மொழி தெரிஞ்ச பிரிண்டர்னா, இல்ல மொபைல்லேர்ந்து நேரா வைஃபைல அடிக்கிற மாதிரி புதுசுன்னா தொல்லை குறைவு.

கானாடுகாத்தான்:
அக்கா, பழைய லேசர்தான், வைஃபை இல்லாதது. முனி அண்ணே, லினக்ஸ்குள்ளயே இன்னொரு கணினி மாதிரி ஓடுற விர்ச்சுவல்பாக்ஸ்ல விண்டோஸைப் போட்டு பேஜ்மேக்கரை மட்டும் அதுல ஓட்டினா?

முனையமுனி:
தாராளமா. 8 ஜிபில 3 ஜிபியை அதுக்கு ஒதுக்கினா போதும். உள்ள இருக்கிற விண்டோஸுக்கு நெட்டைத் துண்டிச்சிருங்க, அப்டேட் வராட்டாலும் கவலை இல்ல. பிரிண்டரையும் யுஎஸ்பி வழியா உள்ளேயே இணைச்சு விடலாம்.

எட்டயபுரத்தான்:
ஆக, விண்டோஸை விடுறதுக்காக விண்டோஸையே உள்ள வச்சு ஓட்டணும்! அறுபது வயசுக்காரர் ஒரு பத்திரிகை அடிக்க ஒரு கணினிக்குள்ள இன்னொரு கணினியைத் திறக்கணும். அதுக்கு 10லயே இருந்துட்டுப் போகலாம். மைக்ரோசாஃப்ட் கணக்குல உள்நுழைஞ்சு அமைப்புகளை ஒத்திசைச்சா 2026 அக்டோபர் 13 வரைக்குமான பாதுகாப்பு அப்டேட்டைக் காசில்லாம தர்றதா அறிவிச்சிருக்காங்க.

முனையமுனி:
அதுக்கப்புறம்? இதே கேள்வியோட இதே இடத்துக்கு வருவார்.

எட்டயபுரத்தான்:
வரட்டுமே. அதுக்குள்ள பழைய லேப்டாப் ஒண்ணு மலிவா, எட்டாம் தலைமுறைக்கு மேல கிடைச்சா வாங்கிப் போட்ரலாம்.

கானாடுகாத்தான்:
இந்த லேப்டாப்ல இன்னொரு டிரைவுக்கு இடம் இருக்கு. விண்டோஸ் 10 இருக்கிற டிரைவைத் தொடப் போறதில்ல. ரெண்டாவது எஸ்எஸ்டி வாங்கி மின்ட் போடறேன். பேங்க், மெயில், யூட்யூப் எல்லாம் மின்ட்ல. விண்டோஸ்ல வைஃபையை அணைச்சுட்டு பேஜ்மேக்கரும் பிரிண்டரும் மட்டும். அப்பா பூட் பண்ணும்போது எதுன்னு தேர்ந்தெடுக்கணும், அவ்வளவுதான்.

அச்சுக்கோப்பவள்:
இது தேவலை. பிரஸ்ஸுக்குக் கோப்பை பென்டிரைவ்ல குடுத்துரலாம். ஆனா அவங்க கணினிக்குப் போய் வந்த பென்டிரைவை விண்டோஸ்ல சொருகறதுக்கு முன்னாடி மின்ட்ல போட்டுப் பார்க்கச் சொல்லுங்க. வைரஸ் வந்தா அந்த வழியாத்தான் வரும்.

முனையமுனி:
விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை முதல்ல அணைச்சிரு தம்பி. அது இருந்தா ஷட்டவுன் பண்ணினாலும் டிரைவ் முழுசா மூடாது, மின்ட்லேர்ந்து அதுல எழுத விடாது. பிட்லாக்கர்ங்கற டிரைவ் பூட்டு போட்டிருந்தா மீட்பு எண்ணைக் காகிதத்துல எழுதி வச்சுக்கோ.

எட்டயபுரத்தான்:
மின்ட் போடும்போது விண்டோஸ் டிரைவைக் கழட்டி வச்சிருங்க. மின்ட்டைத் துவக்குற பூட்லோடர் தெரியாம அதுல போய் உட்கார்ந்தா பிறகு முனியைத்தான் கூப்பிடணும்.