'ஓரெழுத்துத் திரிபு' என்றே வைத்துக்கொள்ளலாம்

அன்புள்ள நண்பர்களே,

நோயாளிகளுக்காக நாம் தமிழில் எழுதிவரும் இரைப்பைப் புற்றுநோய்க் கையேட்டில், ஆளுக்கு ஆள் மரபணுவில் காணும் சிறு வேறுபாட்டை (ஆங்கிலத்தில் பாலிமார்ஃபிசம்) 'பல்லுருத்தோற்றம்' என்றே போடலாம் என்று நம் குழுவில் உள்ள புதுச்சேரி ஐயா எழுதியிருந்தார். பாலிமார்ஃபிசத்துக்கு அது நேரான சொல்தான். ஆனால் படிப்பவர் மனதில் எந்த உருவமும் எழாதே! முதல் வரைவில் இருந்த 'மரபணுப் பிறழ்வு' அதைவிட மோசம். கடலூர் முதுநகரில் ஒரு மீனவர் வீட்டில் அந்த வரைவை வாசித்துக் காட்டினேன். கணவரை இந்த நோய்க்குப் பறிகொடுத்தவர் அந்த அம்மா. 'பிறழ்வு' என்ற சொல் வந்ததும் பக்கத்தில் இருந்த மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அப்ப எங்க வீட்டு ரத்தமே கெட்டுப்போச்சா தம்பி?" என்று கேட்டார். நாம் சொல்ல வந்தது அதுவா?

மனித மரபணுத் தொகுதியில், அதாவது டி.என்.ஏ.வில், ஏறக்குறைய 300 கோடி வேதி எழுத்துகள். அதில் ஓர் இடத்தில் எனக்கு ஓர் எழுத்து, உங்களுக்கு வேறு எழுத்து. நூற்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் அந்த மாற்று எழுத்து மக்களிடம் காணப்பட்டால் அதைப் பாலிமார்ஃபிசம் என்பது வழக்கம். இதற்கு நம் புணர்ச்சி இலக்கணத்திலேயே சொல் இருக்கிறது. பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம். ன் ற்-ஆகத் திரிகிறது, பொருள் கெடுவதில்லை. பூங்கொடியில் ஓர் எழுத்து தோன்றுகிறது, மரவேரில் ஓர் எழுத்து கெடுகிறது. டி.என்.ஏ.விலும் இந்த மூன்றும் நடக்கின்றன. ஆகவே 'ஓரெழுத்துத் திரிபு' என்கிறேன். 'கெடுதல்' என்பதை மட்டும் நோயாளியிடம் சொல்ல முடியாது, அதற்கு 'எழுத்து நீக்கம்' போதும்.

"பால் திரிஞ்சு போச்சுன்னுதானே சொல்றோம், அதுவும் பயமுறுத்தாதா?" என்று நம் குழுவில் ஓர் அக்கா கேட்டது நியாயமான கேள்வி. அதனால்தான் 'ஓரெழுத்து' என்ற அடையை எங்கும் விடக்கூடாது என்கிறேன். அளவு சிறியது என்பதை அதுதான் சொல்கிறது.

இரைப்பை விஷயத்தில் 'அளவு சிறியது' என்பதே முக்கியம். அழற்சியைத் தூண்டும் புரதம் ஒன்றை உண்டாக்கும் இன்டர்லூகின்-1 பீட்டா மரபணுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி வயிற்றில் குடியேறியவர்களில், இந்த மரபணுவில் சில ஓரெழுத்துத் திரிபுகள் உள்ளவர்களுக்குப் புற்றுநோய் ஆபத்து கூடுவதாக 2000-இல் ஓர் ஆய்வு வந்தது. அழற்சி மிகுந்து, அமிலச் சுரப்பு குறைவது காரணமாகலாம் என்றார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் எல்லா நாட்டு மக்களிடமும் அது ஒரே மாதிரி தெரியவில்லை. திரிபு இருந்தாலே நோய் வந்துவிடும் என்பதில்லை. கிருமிக்கோ மருந்து இருக்கிறது.

சிடிஹெச்1 என்ற இன்னொரு மரபணுவின் கதை வேறு. அதில் பரம்பரையாக வரும் மாற்றம் இரைப்பைப் புற்றுநோயை உண்டாக்குவதை 1998-இல் நியூசிலாந்தின் மாவோரிப் பழங்குடிக் குடும்பங்களில் கண்டறிந்தார்கள். அந்த மாற்றம் அரிதானது, ஆனால் ஆபத்து மிகப் பெரியது. நோய் வருமுன்பே இரைப்பையை எடுத்துவிடும்படி மருத்துவர்கள் சொல்லும் அளவுக்கு. அதையும் வெறும் 'திரிபு' என்றால் எச்சரிக்கை குறைந்துவிடும். 'நோய்த்திரிபு' என்று தனியாக வைக்கலாமா? இந்த ஒன்றில்தான் எனக்கு இன்னும் மனம் நிற்கவில்லை. இதைவிட நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள். அடுத்த வாரம் முதுநகருக்குத் திரும்பப் போகிறேன், புதிய வரைவை அந்த அம்மாவுக்கே முதலில் வாசித்துக் காட்ட வேண்டும்.