ஃபுட்பால்ல ஒரு வார்த்தை புரியாம போய், இன்னும் உறுத்துதா? எழுதுங்க

மஞ்சக்குப்பத்தான்:
2022 உலகக் கோப்பை, அர்ஜென்டினா – சவுதி. எல்லாரும் பாத்த மேட்ச்தான். முதல் பாதியில அர்ஜென்டினா வலைக்குள்ள போட்ட மூணு பால் ஆஃப்சைட்னு போச்சு. அதை டிவியில திரும்பப் போட்டுக் காட்டிட்டிருந்த நேரம், அஞ்சாவது படிக்கிற எம்பொண்ணு ஸ்கூல் விட்டு நேரா கடைக்கு வந்தா. பையைக்கூட இறக்கல, வாட்டர் பாட்டில் கழுத்துல தொங்குது.

"பால் உள்ள போயிடுச்சே, ஏம்ப்பா கோல் இல்ல?"

"கடைசி டிஃபெண்டரைத் தாண்டி நிக்கக் கூடாதும்மா."

"எப்ப? பால் அவர்கிட்ட வரும்போதா, இன்னொருத்தர் அடிக்கும்போதா?"

"வரும்போது"ன்னுட்டேன். மறுநாள் கிளாஸ்ல அதையே சொல்லியிருக்கா. பசங்க சேர்ந்து தப்புன்னு மடக்கிட்டாங்க. பாஸ் குடுக்கிறவர் காலு பால்ல படுற நொடியில யார் எங்க நிக்கிறாங்கன்றதுதான் கணக்கு. எதுன்னாலும் என்கிட்ட வந்து கேக்குறவ, அதுக்கப்புறம் ஃபுட்பால் பத்தி ஒரு கேள்வி கேக்கல.

குருசுக்குப்பம்:
எங்க தாத்தா 'சொல்தா', அதாவது பிரெஞ்சு ராணுவத்துல இருந்து பென்ஷன் வாங்கினவர். ஆஃப்சைட்டை அவர் 'ஓர்-ழே'ன்னுதான் சொல்லுவார். 2018 ஃபைனல், பிரான்ஸ் – குரோஷியா. வீட்டு ஹால்ல உக்கார இடமில்ல. 18வது நிமிஷம் கிரீஸ்மன் ஃப்ரீ கிக், பால் உள்ள. நாங்க எல்லாரும் "கிரீஸ்மன், கிரீஸ்மன்"னு குதிக்கிறோம். தாத்தா மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திரிக்கல. "அது அவன் கோல் இல்லடா"ன்னார். நான் திரும்பி, "கண்ணு தெரியலன்னா சும்மா இரு தாத்தா"ன்னுட்டேன்.

அவர் பதில் பேசல. ஆள்காட்டி விரலால தன் உச்சந்தலையை ரெண்டு தட்டு தட்டிக் காட்டினார். அவ்வளவுதான். கொஞ்ச நேரத்துல திரையில மாண்ட்சுகிச் பேரு வந்துச்சு, ஓன் கோல்னு, அதாவது தன் அணி வலைக்கே போட்டதுன்னு. குரோஷியாக்காரர் தலையில பட்டுத்தான் உள்ள போயிருக்கு. உலகக் கோப்பை ஃபைனல்ல விழுந்த முதல் ஓன் கோலே அதுதான். அந்த வீட்டுலயே அதை முதல்ல பாத்தவர் அவர். பிரான்ஸ் 4–2ன்னு ஜெயிச்ச கூச்சல்ல நான் மன்னிப்பு கேக்கல. அடுத்த வருஷம் போயிட்டார்.

ஓ.டி. லெஃப்ட் விங்:
மஞ்சக்குப்பத்தாரே, நீங்க இப்ப சொன்னதும் பாதிதான் சரி. 'கடைசி டிஃபெண்டர்'னு சொல்றதை முதல்ல விடுங்க. எதிரணியில கடைசியிலேர்ந்து ரெண்டாவது ஆள், அவர்தான் கோடு. கோலியும், அதாவது கோல்கீப்பரும், அந்தக் கணக்குல ஒருத்தர். கோலி மேல ஏறி வந்துட்டா, பின்னாடி ஒரே ஒரு டிஃபெண்டர் நின்னாலும் நீங்க ஆஃப்சைட்ல மாட்டலாம். நேருக்கு நேரா நின்னா ஆஃப்சைட் இல்ல. த்ரோ, கார்னர், கோல் கிக்லேர்ந்து நேரா வர்ற பாலுக்கும் ஆஃப்சைட் கிடையாது. பொண்ணுகிட்ட இதையும் சேத்துச் சொல்லுங்க.

என் விஷயம் வேற. அண்ணா ஸ்டேடியத்துல ஒரு செமி ஃபைனல், 0–0. அவங்க ஆளு பின்னாடி தட்டின பேக் பாஸை கோலி கையில எடுத்துட்டார். பாக்ஸுக்குள்ள எங்களுக்கு ஃப்ரீ கிக். அடிக்கப் போனது நான். ரெஃப்ரி ஒரு கையைத் தலைக்கு மேல செங்குத்தா தூக்கி நிக்கிறார். 'இரு, விசில் வரட்டும்'னு சொல்றதா நெனச்சேன். விசில் வந்தும் கை இறங்கல. நேரா வலையில ஏத்தினேன். சுத்தமான அடி, யாரும் தொடல. அதுதான் வினை. தூக்கின கைக்கு அர்த்தம் இன்டைரக்ட். இன்னொருத்தர் மேல பட்டாதான் கோல். நான் பாதி கிரவுண்ட் ஓடித் திரும்பிப் பாக்குறேன், கோல் கிக்குக்குப் பாலை வைக்கிறாங்க. பெனால்டியில தோத்தோம். பக்கத்துல நின்னவனுக்கு ஒரு சின்னத் தட்டு தட்டியிருந்தா போதும்.

நெல்லிக்குப்பம் ரோடு:
2022 காலிறுதி, அர்ஜென்டினா – நெதர்லாந்து. 90 நிமிஷம் ஆச்சு, 2–1, டிவியை அணைச்சுட்டேன். காலையில பாண்டி பஸ்ஸுல பக்கத்து சீட்டுக்காரர் "கடைசி நிமிஷத்துல எப்படி போட்டான் பாத்தீங்களா"ன்னார். இஞ்சுரி டைமோட 11வது நிமிஷத்துல 2–2 ஆகியிருக்கு. கடலூர்லேர்ந்து பாண்டி வரைக்கும் நான் பாக்காத மேட்ச்சை அவர் சொல்லிட்டே வந்தார்.

அதனால புதுசா பாக்குறவங்களுக்குச் சொல்றேன். இஞ்சுரி டைம் வேற, எக்ஸ்ட்ரா டைம் வேற. ஆள் மாத்தினது, அடிபட்டது, வி.ஏ.ஆர்.னு வீடியோல சரிபாத்தது, இப்படி வீணான நேரத்தை அந்தந்தப் பாதியோட கடைசியில சேக்குறது இஞ்சுரி டைம். பலகையில காட்டுற நம்பர் குறைஞ்சபட்சம்தான், அதுக்கு மேலயும் ஓடும். அதே உலகக் கோப்பையில இங்கிலாந்து – ஈரான் முதல் பாதிக்கு மட்டும் 14 நிமிஷம் சேத்தாங்க. எக்ஸ்ட்ரா டைம்னா நாக் அவுட்ல, அதாவது தோத்தா வெளியேற வேண்டிய மேட்ச்ல, சமமா முடிஞ்சாதான், 15–15 நிமிஷம். அதுலயும் சமம்னா பெனால்டி ஷூட்அவுட். ஷூட்அவுட்ல போடுறது யாரோட கோல் கணக்குலயும் ஏறாது. பிரான்ஸ் ஆளு எம்பாப்பேக்கு 2022 ஃபைனல்ல மூணு கோல்தான், ஷூட்அவுட்ல போட்டது சேராது. 'அவே கோல்' (ரெண்டு மேட்சும் சேத்து சமம்னா, எதிரணி ஊர்ல அதிக கோல் போட்டவங்க ஜெயிச்சதா எடுத்துக்குறது) பத்திப் பழைய ஆளுங்க சொன்னா நம்பாதீங்க, ஐரோப்பிய கிளப் போட்டிகள்ல அதை 2021லயே எடுத்தாச்சு. ஒரு மேட்சுக்கு ஒரு வார்த்தைன்னு வெச்சுக்குங்க. மொத்தமா படிச்சா நிக்காது.

குருசுக்குப்பம்:
பழைய ஆளுங்கன்னு ஒதுக்காதீங்க. எங்க வீட்டுல சரியா பாத்தது பழைய ஆளுதான்.

அரியாங்குப்பம் அம்மா:
எம்பையன் பாண்டி உப்பளம் கிரவுண்டுக்கு பிராக்டிஸ் போவான். கோலி. ஒவ்வொரு மேட்ச் முடிஞ்சு வந்ததும் நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு: "இன்னிக்கு நீ எத்தனை கோல் போட்ட?" அவன் "இல்லம்மா"ன்னுட்டுக் குளிக்கப் போயிடுவான். ஒருநாள் வாசல்லேர்ந்தே "அம்மா, கிளீன் ஷீட்!"னு கத்திக்கிட்டு வந்தான். ரெண்டு முட்டியும் சிராய்ப்பு, கிளவுஸ்ல ஈர மண்ணு. நான் அடுப்புல இருந்தபடியே, "சரிடா, கோல் யாரு போட்டா?"ன்னேன்.

கிளவுஸைக் கழட்டிட்டிருந்த கை அப்படியே நின்னுச்சு. "ஆறாம் நம்பர் போட்டான்"ன்னு மெதுவா சொல்லிட்டு உள்ள போயிட்டான். ஒரு கோல்கூட விடாம காத்ததைத்தான் கிளீன் ஷீட்னு சொல்லுவாங்கன்னு ரெண்டு மாசம் கழிச்சு அவன் கோச் சொல்லித்தான் தெரிஞ்சுது.

ஓ.டி. லெஃப்ட் விங்:
அம்மா, அந்த மேட்ச்ல பையன் பெனால்டி ஏதாவது பிடிச்சாரா?

அரியாங்குப்பம் அம்மா:
தெரியலப்பா. இன்னும் கிரவுண்டுலேர்ந்து வரல. வந்ததும் கேக்குறேன்.