சும்மா துணைக்கு இரு: திரையில் கிடைத்த கூட்டாளிகள்

தங்கச்சிமடம் அக்கா:

விசைப்படகு வீட்டில் வாக்கப்பட்டவர்களுக்குத் தெரியும், திங்கள், புதன், சனி மூன்று ராத்திரியும் வீடு வேறு மாதிரி இருக்கும். காலையில் டோக்கன் வாங்கிக்கொண்டு கடலுக்குப் போன ஆள் மறுநாள் விடிந்துதான் கரைக்கு வருவார். பிள்ளை தூங்கிவிடும், மாமியார் திண்ணையில் படுத்துவிடுவார், நான் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வேலையைப் பார்க்காமல் படகுக்காரர் வீட்டுப் பெண்களின் வாட்ஸ்அப் குரூப்பையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பேன். காற்று கூடியிருக்கிறதா, யாராவது ஏதாவது சொன்னார்களா என்று.

வேலை மெடிக்கல் கோடிங், வீட்டிலிருந்தே. அமெரிக்க ஆஸ்பத்திரிக் குறிப்புகளைப் படித்து, நோய்க்கும் அடிபட்டதற்கும் உரிய எண்ணைப் போட வேண்டும். அந்த எண்கள் எல்லாம் இருக்கிற ஐசிடி-10 புத்தகத்தில் டால்ஃபின் கடித்ததற்குக்கூட டபிள்யூ56.01 என்று தனியாக ஒரு கோட் இருக்கிறது. நம் கடலில் ஓங்கல் யாரையும் கடித்ததாக நான் கேட்டதே இல்லை! இந்த வேலையோடு சேர்த்து, கோடிங் வேலைக்கான சான்றிதழ் தேர்வான சிபிசி-க்கும் படித்துக்கொண்டிருந்தேன். 100 கேள்வி, 4 மணி நேரம், 70 சதவீதம் எடுத்தால்தான் பாஸ். மூன்று மாதமாக ஒரே அத்தியாயத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

கூடப் படித்த ஒரு பெண்தான் ஃபோகஸ்மேட் பற்றிச் சொன்னாள். 2016-ல் ஆரம்பித்தது. நேரத்தைக் குறித்து வைத்தால் உலகத்தில் எங்கோ இருக்கிற ஒருவரோடு வீடியோவில் சேர்த்துவிடும். 25 நிமிடம், 50 நிமிடம், 75 நிமிடம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆரம்பத்தில் இன்றைக்கு என்ன செய்யப்போகிறோம் என்று ஆளுக்கு ஒரு வரி சொல்ல வேண்டும், அப்புறம் மைக்கை அணைத்துவிட்டு அவரவர் வேலை, கடைசியில் முடித்தோமா இல்லையா என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். வாரத்துக்கு மூன்று தடவை இலவசம். எனக்கும் மூன்று ராத்திரிதானே! கணக்கு சரியாகப் போயிற்று.

முதல் நாள் கை நடுங்கியது. என் இங்கிலீஷ் எழுத்தில் ஓடும், வாயில் வராது. எதிரில் வந்தது போர்ச்சுகலில் மொழிபெயர்ப்பு வேலை செய்கிற ஒரு வயதான அம்மா, நமக்கு ராத்திரி 9 மணி, அவருக்கு மதியம் நாலரை. நான் சாட்டில் "இருபது சார்ட்", அதாவது இருபது ஆஸ்பத்திரிக் குறிப்பு, என்று தட்டச்சு செய்தேன், அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்துவிட்டார். கச்சான் காற்று தகரத்தை அடித்துக்கொண்டிருந்தது. அந்த 50 நிமிடத்தில் போனை ஒரே ஒரு தடவைதான் எடுத்தேன், அதையும் அவர் பார்த்துவிடுவாரோ என்று கீழே வைத்துவிட்டேன். அவர் பார்க்கவே இல்லை என்பது வேறு விஷயம்.

நடுவில் மாமியார் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தார். திரையை உற்றுப் பார்த்தார். "யாரு தாயி அது, பேசாமலே உட்காந்திருக்கு, போன் ரிப்பேரா?" என்றார். இல்ல அத்தை, அவங்க வேலையை அவங்க பார்க்கிறாங்க, என் வேலையை நான் பார்க்கிறேன், சும்மா கூட இருக்கிறோம் என்றேன். கொஞ்ச நேரம் நின்றார். "துணைக்கா? அப்படிச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் முப்பது வருஷம் கடல்பாசி எடுத்தவர். விரலில் துணி சுற்றிக்கொண்டு தீவு ஓரத்தில் முங்கும்போது அவரவர் பாசி அவரவர் பைக்குத்தான் போகும், ஆனால் தனியாக ஒருத்தியும் இறங்க மாட்டாள்.

இதற்கு பாடி டபுளிங் என்று பெயர் இருப்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். கவனம் நிற்காத ஏடிஎச்டி உள்ளவர்கள் நடுவில் புழங்க ஆரம்பித்த சொல்லாம். எனக்கு மாமியார் சொன்னதே போதும்.

உங்களுக்கு இப்படி யாராவது கிடைத்திருக்கிறார்களா? எழுதுங்கள்.

தேவிபட்டினம் தம்பி:

அக்கா, நான் குரூப் 4-க்குப் படிக்கிறவன், என் கதை கொஞ்சம் கேவலமானது, பரவாயில்லை.

முதலில் யூடியூபில் யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து பேசாமல் படிக்கிற வீடியோக்களைப் போட்டுக்கொண்டு படித்தேன். கொரியாவில் இதை கோங்பாங் என்கிறார்கள். நன்றாகத்தான் போனது. அப்புறம் டிஸ்கார்ட் என்கிற அரட்டைச் செயலியில் ஒரு படிப்பு அறையில் சேர்ந்தேன், அங்கே யார் எத்தனை மணி நேரம் படித்தார்கள் என்று பட்டியல் வரும். அதில்தான் விழுந்தேன். டைமரை ஓடவிட்டுவிட்டுக் குளிக்கப் போவேன், கடைக்குப் போவேன், ஒரு நாள் 11 மணி நேரம் என்று காட்டியது, அன்றைக்கு நான் படித்தது திருக்குறளில் இரண்டு அதிகாரம். பட்டியலில் நாலாவது இடம். தேர்வில் 200 கேள்வி, அதில் 100 தமிழ், அங்கே டைமரை யார் கேட்கிறார்கள்?

அங்கேயே ஒருத்தர் "தம்பி, தம்பி" என்று நெருங்கி, தினமும் காலையில் எழுப்பிவிட்டு, ஒரு மாதம் கழித்து டெஸ்ட் சீரிஸ் தருகிறேன் என்று 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு காணாமல் போனார். பணத்தை விட, காலை ஐந்து மணிக்கு வந்த அந்த மெசேஜ் நின்றதுதான் வலித்தது. இதை வீட்டில் சொல்லவில்லை, இங்கேதான் முதல்முறையாகச் சொல்கிறேன்.

இப்போது நாங்கள் நாலு பேர், ஒருத்தன் தொண்டி, ஒருத்தன் திருப்பாலைக்குடி, ஒரு தங்கச்சி உச்சிப்புளி. விடியற்காலை 5 மணிக்கு கூகுள் மீட். இலவசக் கணக்கில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் 60 நிமிடத்தில் கட் ஆகிவிடும், அதுதான் எங்களுக்கு டீ மணி. முகத்தைக் காட்டுவதில்லை, கேமராவைக் கீழே திருப்பி நோட்டையும் கையையும் மட்டும் காட்டுவோம். உச்சிப்புளிக்காரி வீட்டில் அந்த ஏற்பாட்டுக்குத்தான் சரி என்றார்கள். எங்களுக்கும் அது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் எழுதாமல் நிற்கிற கை உடனே தெரிந்துவிடும்.

கீழக்கரை லாத்தா:

வேலை, படிப்பு இரண்டும் இல்லாத ஒருத்தியின் அனுபவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை ஷார்ஜாவில். இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு எனக்கு ராத்திரி என்றாலே பயம் வந்தது. பேறு காலத்தில் முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுவது நிறையப் பேருக்கு வரும், தானாகப் போய்விடும். எனக்கு ஆறு வாரம் ஆகியும் போகவில்லை.

உம்மாவிடம் மனசு சரியில்லை என்று சொல்ல வாய் வராது. பக்கத்தில் ஏர்வாடி. 2001 ஆகஸ்டில் அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயில் சிக்கி 28 பேர் மௌத்தானது உம்மாவுக்கு நேற்று நடந்த மாதிரி. மனசு என்ற சொல்லைக் கேட்டாலே அவர் முகம் மாறிவிடும்.

ராத்திரி 2 மணிக்குப் பால் கொடுக்கிற தாய்மார்கள் கூடுகிற ஒரு குரல் அறை டெலிகிராமில் இருந்தது. தமிழ் பேசுகிறவர்கள்தான், மலேசியாவில் ஒருத்தி, கோயம்புத்தூரில் ஒருத்தி. பெரும்பாலும் யாரும் பேச மாட்டார்கள், குழந்தை ஏப்பம் விடுகிற சத்தம் கேட்கும், யாரோ பெருமூச்சு விடுவது கேட்கும், அவ்வளவுதான். மூன்று வாரம் அதில்தான் ராத்திரியைக் கடத்தினேன். ஒரு நாள் நான் வாயைத் திறந்து, எனக்கு இந்தப் பிள்ளையைத் தூக்கவே பயமாக இருக்கிறது என்று சொன்னேன். அறையை நடத்துகிறவர் என்னைத் தனியாக அழைத்தார். "தங்கச்சி, கூட உட்கார்ந்திருப்போம், அது எங்களால் முடியும். இது எங்களால் ஆகிற காரியம் இல்லை. 14416-க்கு இப்பவே போடு, நான் லைனிலேயே இருக்கிறேன்" என்றார்.

டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண் அது, 2022 அக்டோபர் 10-ல் மத்திய அரசு ஆரம்பித்தது, காசு கிடையாது, நாள் முழுக்க எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். என்னை அவசரப்படுத்தாமல் கேட்டார்கள், டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள், பார்த்தேன். மருந்தும் எடுத்தேன். உம்மாவிடம் தூக்கத்துக்கு மாத்திரை என்று சொல்லியிருக்கிறேன், அல்லாஹ் மன்னிப்பானாக.

இப்போது அந்த அறையில் புதிதாக வருகிறவர்களோடு நான் உட்காருகிறேன்.

பாம்பன் டிரைவர்:

நான் படகு டிரைவர். நீங்கள் எல்லாம் இதைப் புதிதாகச் சொல்கிறீர்கள், நாங்கள் படகில் இருக்கிற விஹெச்எஃப் வயர்லெஸ்ஸில் வருஷக்கணக்காகச் செய்கிறோம். ராத்திரி வலையை இழுத்துக்கொண்டு போகும்போது தூக்கம் வரக்கூடாது என்று பக்கத்துப் படகுக்காரனோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்போம். என்ன குழம்பு, எத்தனை பெட்டி இறால், உன் மச்சினன் கடனைக் கொடுத்தானா, இதுதான் பேச்சு. பதில் வராவிட்டால்தான் பயம்.

தங்கச்சிமடம் அக்கா:

அண்ணே, என் வீட்டுக்காரர் என்ன குழம்பு என்று கடலில் பேசிக்கொள்வார் என்று இப்போதுதான் தெரிகிறது. இங்கே ஒரு வார்த்தை கேட்க மாட்டார்.

தம்பி, அந்த 1,500 ரூபாயை வீட்டில் சொல்லிவிடு, அது உள்ளேயே கிடக்க வேண்டாம். லாத்தா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அந்த எண்ணை எங்கள் படகுக்காரப் பெண்கள் குரூப்பில் போட்டிருக்கிறேன், யாரும் ஒன்றும் எழுதவில்லை, ஆனால் மூன்று பேர் அதைத் தனியாக எனக்குத் திருப்பி அனுப்பி இது நிஜமா என்று கேட்டார்கள்.

தேர்வில் முதல் தடவை 66, இரண்டாம் தடவை 74. போர்ச்சுகல் அம்மாவுக்குச் சொன்னபோது மைக்கை போட்டுக் கை தட்டினார், ஏழு மாதத்தில் அவர் குரலை நீளமாகக் கேட்டது அன்றைக்குத்தான். இன்றைக்கு புதன். 9 மணிக்கு உட்கார வேண்டும், கரண்ட் நிற்க வேண்டும்.