நண்பர்களுடன் பாலு கணவாய் வரை ஒரு நாள் பனிச்சறுக்குப் பயணம்: என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

போநதிக்கரை:

அனைவருக்கும் வணக்கம். நான் கால்கரியில் வசிக்கிறேன். லேக் லூயிஸ் போன்ற பனிச்சறுக்கு மையங்களில் பல குளிர்காலங்களாகச் சறுக்கி வருவதால், செங்குத்தான தடங்களிலும் தடுமாறாமல் இறங்கிவிடுவேன். ஆனால் லிஃப்ட் இல்லாத மலையில், ஸ்கீயின் அடியில் ஸ்கின் (பின்னோக்கி வழுக்காமல் ஏற உதவும் பட்டை) ஒட்டி, சொந்தக் காலால் ஏறி இறங்கிய அனுபவம் எனக்கு இல்லை. வரும் பிப்ரவரியில் என் நண்பர்கள் மூவர், பிரிட்டிஷ் கொலம்பியாவின் கிளேசியர் தேசியப் பூங்காவிலுள்ள ரோஜர்ஸ் கணவாய்க்குப் போய், கானாட் பள்ளத்தாக்கு வழியாகப் பாலு கணவாய் வரை ஏறி அன்றே திரும்பலாம் என்கிறார்கள். மூவரில் ஒருவர் அங்கே முன்பு போனவர். மற்ற இருவரும் என்னைப் போலப் புதியவர்கள்.

போய்வந்த நண்பர், பள்ளத்தாக்கில் முன்னே சென்றவர்களின் தடம் எப்போதும் இருக்கும், அதைப் பின்பற்றினால் போதும் என்று சொல்கிறார். பனிச்சரிவு முன்னறிவிப்பில் அபாய நிலை ‘கணிசம்’ என்றிருந்தால் அன்று போகலாமா கூடாதா என்பது எனக்குப் புரியவில்லை. என் சறுக்குத் திறன் இதற்குப் போதுமா, கருவிகளை வாடகைக்கு எடுத்தால் போதுமா, அதற்கு முன் எதையெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.

ரெவெல்ஸ்டோக்வாசி:

வணக்கம் தம்பி. உங்கள் சறுக்குத் திறன் போதும். நீங்கள் கவலைப்பட வேண்டியது அதைப் பற்றி அல்ல. முன்னே போனவர்களின் தடத்தைப் பின்பற்றினால் போதும் என்ற பேச்சுதான் எனக்குக் கலக்கத்தைத் தருகிறது.

கானாட் பள்ளத்தாக்கின் அடித்தளத்தில் பெரும்பாலும் மென்மையான ஏற்றம்தான் இருக்கும். நடப்பவருக்கு அது அபாயமான இடமாகவே தோன்றாது. ஆனால் இரு பக்கமும் உயர்ந்து நிற்கும் மலைகளிலிருந்து பனிச்சரிவுகள் இறங்கி வரும் தடங்கள் அந்த அடித்தளத்தில்தான் வந்து முடிகின்றன. 2003ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் தேதி, ஆல்பர்ட்டாவின் ஒரு பள்ளியிலிருந்து வந்த 14 மாணவர்களும் 3 பெரியவர்களும் இதே பாலு கணவாயை நோக்கி ஏறிக்கொண்டிருந்தபோது, சியாப்ஸ் மலையின் மேற்பகுதியில் தானாகக் கிளம்பிய பனிச்சரிவு அவர்கள்மேல் வந்து விழுந்தது. அதில் மாணவர்கள் 7 பேர் இறந்தார்கள். அவர்கள் செங்குத்தான சரிவு எதிலும் கால் வைத்திருக்கவில்லை. பள்ளத்தாக்கின் அடியில், தடத்தின் மேல்தான் இருந்தார்கள். மற்றவர்கள் உயிர்பிழைத்ததற்கு முக்கியமான காரணம், அருகில் சென்றுகொண்டிருந்த மலை வழிகாட்டிகள் இருவர் அதைக் கண்ணால் கண்டு, அக்கணமே வந்து தோண்டத் தொடங்கியதுதான்.

அந்தத் துயரத்துக்குப் பிறகு, கனடாவின் தேசியப் பூங்காத் துறை, பனிச்சரிவு அபாயத்துக்கு ஒரு நிலப்பகுதி எந்த அளவுக்கு ஆட்பட்டிருக்கிறது என்பதை ‘எளியது’, ‘சவாலானது’, ‘சிக்கலானது’ என்று மூன்றாக வகைப்படுத்தி 2004இல் வெளியிட்டது. முன்னறிவிப்பு அன்றைய பனியைப் பற்றிச் சொல்கிறது. இந்த வகைப்பாடு, எந்நாளும் மாறாத நிலத்தைப் பற்றிச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு முடிவுக்கு வர முடியும். ‘கணிசம்’ என்பது ஐந்து நிலைகளில் நடுவில் இருப்பதால் நடுத்தரமான அபாயம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். இயற்கையாகவே பனிச்சரிவு நிகழக்கூடும், மனிதர் கால் பட்டு நிகழ்வதற்கோ வாய்ப்பு அதிகம் என்பதுதான் அந்த நிலையின் விளக்கம். ஆகவே ‘கணிசம்’ என்ற நாளில் எளிய நிலத்தில் ஒரு குழு நல்ல பொழுதைக் கழித்துவிட்டு வரலாம். புதியவர்கள் மூவர் உள்ள குழு அதே நாளில் கானாட் பள்ளத்தாக்குக்குள் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இந்தக் கொலம்பியா மலைத்தொடரின் பனிக்கு இன்னொரு குணமும் உண்டு. மேகமில்லாத குளிர்ந்த இரவுகளில் பனியின் மேற்பரப்பில் இறகு வடிவப் படிகங்கள் முளைக்கும். காலை வெயிலில் அவை மின்னுவது பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். அடுத்த புயல் அவற்றின்மேல் அரை மீட்டர் பனியைக் கொட்டிவிட்டால், அடுக்கிய அப்பளத்தின் மேல் கனமான பலகையை வைத்தது போன்ற நிலை உருவாகிறது. அந்த அடுக்கு வாரக்கணக்கில் அப்படியே புதைந்து கிடக்கும். மேலே நின்று பார்ப்பவர் கண்ணுக்கு எதுவுமே தெரியாது. நடக்கும்போது காலடியில் ‘வும்ப்’ என்ற அமுங்கும் ஓசை கேட்டாலோ, ஸ்கீயின் முனையிலிருந்து விரிசல் ஓடினாலோ, பக்கத்துச் சரிவுகளில் புதிதாகப் பனி சரிந்த சுவடு தெரிந்தாலோ, அதற்கு மேல் விவாதம் வேண்டாம். 30 பாகைக்கு மேற்பட்ட சரிவுகளையும் அவற்றின் அடிவாரத்தையும் விட்டு விலகிவிட வேண்டும்.

அனுமதி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். டிரான்ஸ்-கனடா நெடுஞ்சாலையைப் பனிச்சரிவிலிருந்து காப்பதற்காக, கனடா இராணுவம் அங்கே 105 மில்லிமீட்டர் பீரங்கிகளால் மலைச்சரிவுகளைச் சுட்டுப் பனியை முன்கூட்டியே இறக்குகிறது. அதனால் பூங்காவின் சில பகுதிகளுக்குக் குளிர்கால அனுமதிச்சீட்டு இல்லாமல் போக முடியாது. அனுமதிச்சீட்டு இருந்தாலும், அன்று காலை அந்தப் பகுதி திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே கிளம்ப வேண்டும். வண்டியையும் அனுமதிக்கப்பட்ட நிறுத்துமிடத்தில் மட்டுமே விட வேண்டும்.

குளிர்மலை:

அண்ணா நிலத்தைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டதால், நான் கருவிகளையும் உடலையும் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஸ்கீ, பூட்ஸ், ஸ்கின் மூன்றையும் வாடகைக்கு எடுப்பதில் தவறே இல்லை. ஆனால் பூட்ஸை மட்டும் ஒரு மாலையாவது வீட்டில் அணிந்து நடந்து பாருங்கள். ஏறும்போது குதிகால் ஒவ்வோர் அடிக்கும் உயர்ந்து தாழ்வதால், மையத்தில் சறுக்கும்போது உறுத்தாத பூட்ஸ் கூட இரண்டு மணி நேரத்தில் கொப்புளத்தை உண்டாக்கிவிடும். பாலு கணவாய்க்கு ஏறத்தாழ 800 மீட்டர் உயரம் ஏற வேண்டும். ஒரு மணிக்கு 300 மீட்டர் என்று கணக்கிட்டால் நிற்காமல் ஏறினாலே கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஆகும். கால்கரியிலிருந்து வண்டியில் வரும் சுமார் நான்கு மணி நேரத்தையும் அன்றே சேர்த்துக்கொண்டால், இறங்கும் வேளையில் கால்கள் ஓய்ந்திருக்கும். முதல் நாள் இரவே கோல்டனிலோ ரெவெல்ஸ்டோக்கிலோ தங்கிவிடுவது நல்லது.

கிளம்பும்போது சற்றுக் குளிர்வதுபோலவே உடுத்திக்கொள்ளுங்கள். கனமான மேலாடையுடன் ஏறத் தொடங்கினால் உள்ளாடை வியர்வையில் நனைந்துவிடும்; மேலே நின்றதும் அந்த ஈரமே உடலை நடுங்க வைக்கும். தடித்த மேலாடை பையில் இருக்கட்டும். நின்றவுடன் எடுத்து அணியலாம். உறிஞ்சு குழாய் வைத்த தண்ணீர்ப் பையில் குழாய் உறைந்துவிடுவதால், பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோவதே சிறந்தது.

புதியவர்கள் மிகவும் தடுமாறுவது மேலே போய் ஸ்கின்னைக் கழற்றும் அந்தப் பத்து நிமிடத்தில்தான். காற்று அடித்துக்கொண்டிருக்கும், கையுறையைக் கழற்றினால் விரல் மரத்துப்போகும், ஸ்கின்னின் பசைப் பக்கத்தில் பனி ஒட்டிவிட்டால் அடுத்த முறை அது ஸ்கீயில் பிடிக்காது. முன்னாலிருந்து பின்னாக ஒரே இழுப்பில் உரித்து, பசையோடு பசை சேரும்படி மடித்து, மேலாடைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொள்ளுங்கள். உடல் சூட்டில் பசை கெடாமல் இருக்கும். பிறகு பூட்ஸை இறுக்கி, பூட்ஸை ஸ்கீயோடு இணைக்கும் பிணைப்பில் குதிகாலைப் பூட்டியாயிற்றா என்று குனிந்து பாருங்கள். இதை வீட்டு முற்றத்திலேயே பழகிக்கொண்டு போனால், மேலே ஒருவருக்காக மற்றவர்கள் குளிரில் நிற்க வேண்டியிராது.

போநதிக்கரை:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. 2003இல் நடந்தது எனக்குத் தெரியாது. நண்பர்கள் மூவருக்கும் அண்ணாவின் பதிலை அனுப்பிவிட்டேன். இன்னொரு சந்தேகம். பனியில் புதைந்தவரைத் தேடி எடுப்பதற்கான பீக்கன் (ஒவ்வொருவரும் அணியும், அலை அனுப்பி வாங்கும் கருவி), புரோப் (பனியில் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி), மண்வாரி மூன்றையும் எல்லோருக்கும் வாடகைக்கு எடுப்பதாக முடிவு செய்திருக்கிறோம். பீக்கனைப் பயன்படுத்தும் விதத்தை அன்று காலை வண்டி நிறுத்துமிடத்தில் கற்றுக்கொள்ளலாம் என்கிறார் போய்வந்த நண்பர். அது போதுமா? எங்களுக்குள் அவர் ஒருவரே அனுபவசாலி என்பதால், அவர் சொல்வதை மறுத்துப் பேசவும் தயக்கமாக இருக்கிறது.

மலைமுகடு:

போதாது. ஏன் போதாது என்பதை விளக்குகிறேன்.

ஒருவர் பனியில் புதைந்துவிட்டால், ஹெலிகாப்டரில் வரும் மீட்புக் குழுவால் பெரும்பாலும் அவரை உயிருடன் எடுக்க முடியாது. முதல் பத்து நிமிடங்களுக்குள் வெளியே எடுக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அதற்குப் பிறகு வாய்ப்பு வேகமாகச் சரிகிறது. ஆகவே உங்களைத் தேடி எடுக்கப்போவது உங்களுடன் வந்த மூவர்தான். அவர்கள் புதைந்தால் தேட வேண்டியவர் நீங்கள். போய்வந்த நண்பரே பனிக்கு அடியில் இருந்தால், மிஞ்சியிருக்கும் மூவரில் ஒருவருக்கும் பயிற்சி இருக்காது என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

பீக்கன்கள் எல்லாமே 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குபவை என்பதால் எந்த நிறுவனத்தின் கருவியும் மற்றொன்றைக் கண்டுபிடிக்கும். ஆனால் திரையிலுள்ள அம்புக்குறி காட்டும் வளைந்த பாதையைப் பின்தொடர்ந்து, நெருங்கியதும் வேகத்தைக் குறைத்து, கருவியைப் பனிப்பரப்பை ஒட்டிப் பிடித்து, மிகக் குறைந்த எண் காட்டும் இடத்தைக் கண்டறிய வேண்டும். அங்கிருந்து சுருள் வடிவில் 25 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, சரிவுக்குச் செங்குத்தாகப் புரோப்பைக் குத்தித் தேட வேண்டும். புரோப் தட்டியதும் அதை உருவாமல் அங்கேயே விட்டு, அதற்கு நேர்மேலிருந்து தோண்டாமல், சரிவின் கீழ்ப்பக்கத்திலிருந்து உள்நோக்கித் தோண்ட வேண்டும். சரிந்து நின்ற பனி சிமெண்டைப் போல இறுகிக் கிடப்பதால், நேரத்தில் பெரும்பகுதியைத் தோண்டும் வேலையே தின்றுவிடும். படிக்கும்போது எளிதாகத் தோன்றும் இந்த வரிசை, நண்பன் புதைந்து கிடக்கும் பதற்றத்தில் மறந்துபோகும். கை தானாகச் செய்யும் அளவுக்குப் பழகியிருந்தால் மட்டுமே உதவும். கைப்பேசி பீக்கனின் அலையைக் குழப்பும் என்பதால், அதை அணைத்துத் தள்ளி வைக்கும் பழக்கமும் வேண்டும்.

அவலாஞ்சு கனடா அமைப்பின் பாடத்திட்டப்படி நடக்கும் முதல்நிலைப் பயிற்சி இரண்டு நாள்கள் நடக்கும். நால்வரும் ஒன்றாகப் போய்க் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் தயக்கத்துக்கும் அதுவே மருந்து. நால்வரும் ஒரே பாடத்தைக் கற்றபின், ‘இந்தச் சரிவு 30 பாகைக்கு மேல் இருக்கிறதே’ என்று நீங்கள் சொன்னால், அது நண்பரின் அனுபவத்தைக் குறைசொல்வதாக இருக்காது. எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை நினைவூட்டுவதாகவே இருக்கும். எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. எங்களில் ஒருவர் வேண்டாம் என்றால் திரும்பிவிடுவோம். காரணம் கேட்டு அவரை மடக்க மாட்டோம். இதை மலையில் பேசித் தீர்க்க முடியாது. நான்கு மணி நேரம் வண்டி ஓட்டி வந்து, புதுப்பனி கண்ணெதிரே கிடக்கும்போது, எல்லோருக்கும் ஆசைதான் முன்னால் நிற்கும். முதல் நாள் மாலை முன்னறிவிப்பைச் சேர்ந்து படிக்கும்போதே, எந்த இடம் வரை போவது, எத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவது, எது கண்ணில் பட்டால் கைவிடுவது என்று பேசி முடித்துவிடுங்கள்.

போநதிக்கரை:

நேற்றிரவு நால்வரும் பேசினோம். போய்வந்த நண்பர் சற்றும் மனம் கோணவில்லை; பயிற்சிக்கு முதலில் சம்மதித்தவரே அவர்தான் என்பதை இங்கே சொல்ல வேண்டும். பிப்ரவரியில் பயிற்சியை முடித்துவிட்டு, முதல் பயணத்தைக் கால்கரிக்கு அருகில் எங்காவது வைத்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்திருக்கிறோம். இடம் ஏதாவது சொல்ல முடியுமா?

ரெவெல்ஸ்டோக்வாசி:

பான்ஃப் தேசியப் பூங்காவில், ஐஸ்ஃபீல்ட்ஸ் நெடுஞ்சாலையிலுள்ள போ சம்மிட்டைப் பாருங்கள். சாலையே 2,000 மீட்டருக்கு மேல் இருப்பதால் பனி நன்றாக இருக்கும். மரங்களுக்கு இடையே மென்மையான சரிவுகளில் ஏறி இறங்கி, ஸ்கின் ஒட்டுவதையும் திரும்பு முனைகளில் ஸ்கீயைத் திருப்புவதையும் பழகலாம். ஆனால் மரங்கள் வளரும் எல்லைக்கு மேலே உள்ள கிண்ணம் போன்ற பெரிய சரிவுகள் வேறு வகை. அங்கேயும் பனிச்சரிவு ஆட்களைக் கொன்றிருக்கிறது. முதல் நாள் மரங்களுக்குள்ளேயே இருங்கள். அந்த நெடுஞ்சாலையில் கைப்பேசி அலை கிடைக்காது, பெட்ரோல் நிலையமும் குளிர்காலத்தில் திறந்திருக்காது. லேக் லூயிஸிலேயே நிரப்பிக்கொண்டு, செயற்கைக்கோள் தொடர்புக் கருவி ஒன்றையும் வாடகைக்கு எடுத்துச் செல்லுங்கள். எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.