ஆசை ஆசையாய் வாங்கிக் காலை வாரிவிட்ட ரைஃபிள்: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

ஈசூன் கயல்

ஆறு வருடம் ஆகிவிட்டது, இன்னும் தொண்டையில் சிக்கிய மீன் முள் மாதிரி உறுத்துகிறது, எழுதித் தொலைத்துவிடுகிறேன். பாலிடெக்னிக் முடிக்கும்வரை எனக்கு கிளப்பின் ஏழாம் நம்பர் ஏர் ரைஃபிள்தான். எல்லா கிளப்பிலும் அப்படி ஒன்று இருக்கும். பழைய மரக்கட்டை, கன்னம் வைக்கும் இடத்தில் யாரோ எப்போதோ சுற்றிய கறுப்பு டேப், பிடியில் பத்துப் பேருடைய வியர்வை. அதில் 60 குண்டுக்கு 608, 610 புள்ளி என்று சுட்டுக்கொண்டிருந்தேன். 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் நம் சிங்கப்பூரின் மார்ட்டினா வெலோசோ தங்கம் வாங்கியதைப் பார்த்துப் பைத்தியம் பிடித்தவர்களில் நானும் ஒருத்தி. இரண்டு பேரும் 247.2-ல் சமமாக நிற்க, இந்தியாவின் மெஹுலி கோஷ் தான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்துவிட, அப்புறம் ஒரே ஒரு குண்டில் முடிவான அந்த ஆட்டம்தான்.

வேலைக்குப் போய் இரண்டு வருடம் சேர்த்து வைத்த காசில் 5,200 சிங்கப்பூர் வெள்ளிக்குப் புதிது வாங்கினேன். கம்பெனிப் பெயர் வேண்டாம். அலுமினியக் கட்டை, சிவப்பு நிறம், திருகினால் நகராத பாகமே கிடையாது. மேடையில் யார் கையில் பார்த்தாலும் அதுதான். அதில் என் முதல் 60 குண்டு 594. சரி, பழகவில்லை என்றேன். மூன்று மாதம் கழித்து 597.

ஒரு சனிக்கிழமை பயிற்சியாளர் பின்னால் வந்து நின்றார். ஜாக்கெட் இல்லை, கையுறை இல்லை, சாதாரண டீ சட்டை. என் கையிலிருந்து வாங்கினார், நின்றார், ஒரு குண்டு. திரையில் 10.6. திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார், ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு திட்டு திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

வீட்டில் வைக்க முடிந்தால் அலமாரிக்குப் பின்னால் ஒளித்திருப்பேன். நம் ஊரில் அதற்கும் வழியில்லை. ஆயுதக் காப்பறையிலிருந்து அந்தச் சிவப்பு வெளியே வரும்போதெல்லாம் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

தெம்பனிஸ் மணி

கயல், உன்னுடையதாவது புதுசு. நான் 1,900 வெள்ளிக்குப் பழசு வாங்கினேன். முந்தைய சொந்தக்காரர் 'மாசத்துக்கு ஒருமுறை கூடத் தொடவில்லை' என்று சத்தியம் செய்யாத குறை. உண்மைதான், தொடவில்லை. பேரல் புத்தம் புதிதாக இருந்தது, விசையை இழுத்தால் வெண்ணெய். பேப்பர் வேலை, அனுமதி, பெயர் மாற்றம் என்று அலைந்து ஒருவழியாக என் பெயருக்கு வந்த பிறகு முதல் போட்டி. உபகரணச் சோதனை மேசையில் அந்த அம்மா எடை பார்த்தார், 5.5 கிலோவுக்குள், சரி. அப்புறம் காற்று சிலிண்டரைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பி, கட்டைவிரலால் அந்தப் பொறித்த எண்களைத் தடவினார்.

அந்தக் கட்டைவிரல்தான் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. சிலிண்டருக்குத் தயாரிப்பாளர் கொடுக்கும் ஆயுள் 10 வருடம், அது முடிந்து ஏழு மாதம். காலாவதியான சிலிண்டரோடு மேடையேறக் கூடாது, தேதியைப் பார்ப்பது சுடுபவரின் பொறுப்பு என்று விதி. 200 பார் அழுத்தத்தைக் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறோம், நியாயமான விதிதான். ஆனால் அன்றைக்கு யாரும் இரவல் தரவில்லை. பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். விற்றவர் குறுஞ்செய்தியைப் பார்த்தார், நீலக் குறி விழுந்தது, இதுவரை பதில் இல்லை.

பழைய ரெக்ரூட்

எனக்கும் ஒன்று நடந்தது, வாங்கினேன், சரியாக வரவில்லை, விற்றுவிட்டேன். அதை விடுங்கள்.

இங்கே எழுதுகிறவர்கள் எல்லோரும் துப்பாக்கியைக் குறை சொல்கிறீர்கள். தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவச் சேவையில், எங்கள் கையில் கொடுத்தது எம்-16 எஸ்1. 1999-க்குப் பிறகு வந்த தம்பிகளுக்கு சார் 21, அதில் 1.5 மடங்கு ஸ்கோப் கூடவே வரும். எங்களுக்கு இரும்புக் குறிதான். யாராவது துப்பாக்கி சரியில்லை என்று சொன்னால் சார்ஜண்ட் என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும்.

தங்கச்சி கயல், 10 மீட்டரில் 10 புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் பொட்டு. ஏர் ரைஃபிளின் குண்டான பெல்லட்டோ 4.5 மில்லிமீட்டர். இந்த விலையில் விற்கிற எந்த ஏர் ரைஃபிளையும் இறுக்கிப் பிடிக்கும் கருவியில் வைத்துச் சுட்டால் எல்லாக் குண்டும் ஒரே ஓட்டையில் போகும். ஆகவே பிரச்சினை உடம்பு. முதலில் குறி வைத்துக் கண்ணை மூடுங்கள், நாலு மூச்சு விடுங்கள், கண்ணைத் திறங்கள். குறி எங்கே போய் நிற்கிறதோ அதுதான் உங்கள் உடம்பு இயல்பாகப் பார்க்கும் இடம். அது பொட்டுக்கு இடப்பக்கம் இருந்தால் கையால் இழுக்காதீர்கள், பாதத்தை நகர்த்துங்கள். இரண்டாவது, தோள்பட்டைத் தட்டின் நீளம். அலுமினியக் கட்டை வாங்குகிறவர்கள் எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே திருகிவிட்டு, எதை எங்கே மாற்றினோம் என்று தெரியாமல் முழிப்பார்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு திருகு. மூன்றாவது, பெல்லட். ஒரே கம்பெனி, ஒரே வகை என்றாலும் டப்பாவுக்கு டப்பா தலையின் விட்டம் 4.49, 4.50 என்று மாறும், உங்கள் பேரலுக்கு எது பிடிக்கிறது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். நான்காவது, குண்டு போன பிறகும் இரண்டு வினாடி அப்படியே நில்லுங்கள், திரையைப் பார்க்க அவசரப்படாதீர்கள். ஐந்தாவது, முந்தைய இரவு தூக்கம், காலையில் காப்பி வேண்டாம், பால் இல்லாத கோப்பி ஓ-வும் வேண்டாம். ஆறாவது, குண்டே போடாமல் வீட்டில் நின்று பழகுவது, ரைஃபிள் இல்லாவிட்டால் ஒரு குடையைப் பிடித்துக்கொண்டாவது நில்லுங்கள்.

தெம்பனிஸ் மணி

அண்ணே, காலாவதியான சிலிண்டருக்கு எந்தக் காலை நகர்த்த வேண்டும்?

மச்சான் வீட்டு விருந்தாளி

குடை பிடித்து நின்றால் வீவக அடுக்குமாடி நடைபாதையில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி போலீசுக்குப் போன் போட்டுவிடுவார்.

என் கதை டெக்சாஸில். மச்சான் வீட்டில் மூன்று வார விடுமுறை, பின்னால் பெரிய வெட்டவெளி. நம் ஊரில் ஏர்கன்னைக் கனவிலும் கடையில் தூக்க முடியாது, அங்கே மீன் தூண்டிலுக்குப் பக்கத்து அலமாரியில் தொங்குகிறது. பெட்டியின் மேல் கட்டை எழுத்தில் 1,250. வினாடிக்கு 1,250 அடி வேகமாம். ஸ்பிரிங் ரைஃபிள், பேரலை மடக்கி இழுக்கும் வகை, ஸ்கோப்போடு சேர்த்து 189 டாலர். இணையத்தில் அத்தனை பேரும் தூக்கிப் பிடித்த சாமான். பக்கத்தில் இருந்த பழைய பாணி பம்ப் ரைஃபிள் 60 டாலரோ என்னவோ, அதை மச்சான் தன் மகளுக்கு எடுத்தார். நான் சிரித்தேன்.

முதல் குண்டுக்கே வாய்முனையிலிருந்து புகை, கூடவே எரிந்த எண்ணெய் வாடை. உள்ளே பூசிய எண்ணெய் அழுத்தத்தில் பற்றிக்கொள்வதாம், புதுசில் அப்படித்தான், போகப்போக நின்றுவிடும். சரி. ஆனால் ஒவ்வொரு குண்டுக்கும் 'டப்' என்று சாட்டை அடித்த மாதிரி சத்தம். 25 கஜத்தில் கோலா டின். பத்துக் குண்டில் இரண்டு பட்டது. அந்த 1,250 என்பது பெட்டியோடு வந்த லேசான உலோகக்கலவை பெல்லட்டுக்கு மட்டும். ஒலியின் வேகம் கிட்டத்தட்ட 1,125 அடி. அதற்கு மேலே புறப்பட்டு, போகிற வழியில் அதற்குக் கீழே இறங்கும்போது இடுப்பு ஒடுங்கிய அந்தப் பெல்லட் தள்ளாட ஆரம்பித்துவிடும். இதெல்லாம் அன்று இரவு படித்தது.

மறுநாள் கனமான ஈய பெல்லட் வாங்கிப் போட்டேன். வேகம் குறைந்தது, குறி கூடியது, சந்தோஷம். மாலைக்குள் ஸ்கோப்பின் சிலுவைக் கோடு சாய்ந்து பெருக்கல் குறியாகிவிட்டது. ஸ்பிரிங் ரைஃபிள் பின்னாலும் உதைக்கும், உடனே முன்னாலும் உதைக்கும். சாதாரண ஸ்கோப் ஒருபக்க உதைக்குத்தான் செய்தது.

மச்சான் மகளுக்கு ஒன்பது வயது. பல்லைக் கடித்து மூன்று தரம் பம்ப் அடிப்பாள், சுடுவாள், டின் விழும். மறுபடி பம்ப் அடிப்பாள். ஆறு டின் விழுந்த பிறகு என்னைப் பார்த்து, 'மாமா, யுவர் டர்ன்' என்றாள் பாருங்கள்.

பழைய ரெக்ரூட்

விருந்தாளி தம்பி, பெட்டியில் போட்ட எண்ணை நம்பி வாங்கினால் அது உங்கள் தப்பு. ஸ்பிரிங் ரைஃபிளை இறுக்கிப் பிடிக்கவே கூடாது, உள்ளங்கையில் சும்மா படுக்க வைத்து, அது குதிக்கிற திசையில் குதிக்க விட வேண்டும். நீங்கள் எம்-16 மாதிரி தோளில் அமுக்கியிருப்பீர்கள்.

மணி, விற்றவரைக் குறை சொல்கிறீர்கள், தேதியை யார் பார்த்திருக்க வேண்டும்?

தெம்பனிஸ் மணி

நான்தான். அதைத்தானே எழுதியிருக்கிறேன். அனுபவத்தைச் சொல்லும் இடம் அண்ணே இது, விசாரணை மன்றம் இல்லை. அப்புறம், பயிற்சியாளர் ஒரு குண்டு 10.6 போட்டதை வைத்து ரைஃபிள் நல்லது என்று முடிவு கட்டுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு குண்டு யாருக்கும் விழும். என் அக்கா மகன் முதன்முதலில் சுட்டதே 10.2, அடுத்தது தாளிலேயே இல்லை.

பெர்த் செல்வா

உட்லண்ட்ஸ் பையன்தான், பெர்த் வந்து பதினொரு வருடம். இங்கே ரைஃபிளுக்கு உரிமம் வாங்குவது ஒரு பெரிய தவம், சரியான காரணம் காட்ட வேண்டும், தெரிந்தவர் பண்ணையில் முயல் தொல்லை. காத்துக் காத்து, ஒவ்வொரு குண்டுக்கும் கையால் தாழ்ப்பாளை இழுக்கும் .22 போல்ட் ஆக்ஷன் ரைஃபிள் ஒன்று வாங்கினேன். 50 மீட்டரில் ஐந்து குண்டும் ஒரு அங்குலத்துக்குள் என்று உத்தரவாதச் சீட்டே போட்டிருந்தார்கள்.

எனக்கு மூன்று அங்குலம். எட்டு வகைத் தோட்டா மாற்றிப் பார்த்தேன், வேகமானது, மெதுவானது, போட்டிக்காரர்கள் போடும் விலையுயர்ந்தது. ஸ்கோப் மாற்றினேன். பேரலைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தேன். மனைவி அந்த எண்ணெய் வாடையில் என்னைக் கார் கொட்டகைக்கு அனுப்பிவிட்டாள். கடைக்குத் திருப்பி அனுப்பினேன், சோதித்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்று அதே பெட்டியில் வந்தது.

ஒரு நாள் பண்ணைக்காரர், எழுபது வயது இருக்கும், குழாய் ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர், என் புலம்பலைக் கேட்டுவிட்டு ரைஃபிளை மல்லாக்கப் போட்டார். பையிலிருந்து திருகுச்சாவியை எடுத்து அடியில் இருந்த முன் திருகில் வைத்துத் திருப்பினார். அரைச் சுற்று சுற்றியது. பேரலையும் கட்டையையும் சேர்த்துப் பிடித்திருக்கும் திருகு அது. அவர் என்னைப் பார்க்கவில்லை, குழாய்க்குத் திரும்பிப் போய்விட்டார்.

அதற்கப்புறம் ஒன்றரை அங்குலம். ஒரு அங்குலம் இன்றுவரை வரவில்லை, அந்தச் சீட்டை ஃபிரேம் போட்டு மாட்டலாமா என்று பார்க்கிறேன். ரெக்ரூட் அண்ணே, தெரியும், திருகை நான் பார்த்திருக்க வேண்டும். எழுத வேண்டாம்.

பொங்கோல் அம்மா

தப்பான இடத்தில் எழுதுகிறேனோ என்னவோ. என் மகன், அப்போது பதினான்கு வயது, இணையத்தில் ஜெல் குண்டு சுடும் ரைஃபிள் ஒன்றுக்கு ஆர்டர் போட்டுவிட்டான். வீடியோவில் ஏதோ படை வீரர்கள் மாதிரி ஓடுகிறார்கள், 38 வெள்ளி, பொம்மை என்றே எழுதியிருந்தது. தண்ணீரில் ஊறும் உருண்டைதானே, நானும் சரி என்றேன். பார்சல் வரவில்லை, கடிதம் வந்தது. நம் ஊரில் அதற்கும் உரிமம் வேண்டுமாம். கடிதத்தைப் பார்த்ததும் என் கணவர் வேட்டியோடு சோபாவிலிருந்து எழுந்து நின்றார் பாருங்கள், நீதிபதி வந்த மாதிரி. 38 வெள்ளி போனது போனதுதான். பையன் இப்போது தேசிய சேவையில், நிஜத்தையே துடைத்துத் துடைத்துச் சலித்துவிட்டதாம்.

ஈசூன் கயல்

அம்மா, நீங்கள் வந்தது சரியான இடம்தான்.

மணி அண்ணே, ஒரு குண்டு யாருக்கும் விழும் என்பதை நானும் எனக்கே நிறையத் தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். ரெக்ரூட் அண்ணே, நோட்டுப் புத்தகம் இருக்கிறது, மூன்றாவது புத்தகம் ஓடுகிறது. தோள்பட்டைத் தட்டை எட்டு மில்லிமீட்டர் உள்ளே தள்ளியதில் 603 வரை வந்தேன். கோப்பி ஓ-வை விட மாட்டேன்.

ஏழாம் நம்பர் இன்னும் கிளப்பில்தான் இருக்கிறது. போன சனிக்கிழமை எனக்கு இரண்டு இடம் தள்ளி, உயர்நிலைப் பள்ளிச் சீருடையில் ஒரு பெண் அதை வைத்துக்கொண்டு நின்றாள். என் சுற்றை விட்டுவிட்டு அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். 10.4, 10.1, 9.8, 10.7. கறுப்பு டேப்பை இன்னும் யாரும் மாற்றவில்லை.